கெடா துலுக்கிய நாள்

அத்தியாயம் பதினேழு

கோகிலவாணி அன்றைக்குப் பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டாள்.

இரண்டு வருஷமாகப் பீரோவுக்குள் கிடந்த புடவை. மடித்த இடமெல்லாம் கோடு விழுந்திருந்தது. இஸ்திரி போடவில்லை. கோடு தெரிந்தால் தெரியட்டும், பார்க்க வேண்டியவர்கள் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு இந்தப் புடவையைத் தெரியும். நடுவில் ஊருக்குப் போய்விட்டவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

தம்பி இளஞ்செழியன் கல்யாணத்துக்காக நெசவுக்குப் பேர்போன இளம்பிள்ளை ஊருக்குப் போய் அவளே பார்த்து எடுத்த பட்டு அது. கொங்குப் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் மணையருகே நின்று இணைச்சீர் வாங்குவாள். பெண்டாட்டி வந்துவிட்டாள் என்பதற்காக உன்னை விட்டுவிட மாட்டேன் என்று மாப்பிள்ளை அவளுக்குச் சபையறியச் சொல்வதுதான் அந்தச் சீர். செழியனுக்குக் கூடப்பிறந்தவள் இவள் ஒருத்திதான். அம்மா கண்ணை மூடிய பிறகு அவனுக்குச் சோறு ஊட்டி, தலை வாரி, பள்ளிக்கூடம் அனுப்பி ஆளாக்கியவளும் இவள்தான்.

பச்சைப் பட்டு சரசரக்க மணையருகே போனவளை, மண்டபமே பார்க்க அண்ணன் வெங்கடாசலம் நிறுத்தினார்.

“நீ கீழ உக்காரு அம்மிணி. உஷாராணி சீரு வாங்கிக்கட்டும்.”

கோகிலவாணியின் கணவன் அதற்கு முந்தியே லாரி விபத்தில் போய்ச் சேர்ந்திருந்தான். காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. சித்தப்பா மகள் உஷாராணி மணையேறினாள். கோகிலவாணி சாப்பிடாமல் வீட்டுக்கு வந்தாள்.

கொஞ்ச காலம் அழுதாள். பிறகு அழுகை நின்றுபோய் அந்த இடத்தில் வேறொன்று முளைத்தது. அதைப் பழி என்று சொல்லிக்கொள்ள அவளுக்குக் கூச்சமே இல்லை.

வெங்கடாசலம் செங்காட்டூர் ஒன்றியக் குழுத் தலைவர். ஊர் வாயில் சேர்மன். சட்டப் புத்தகத்தில் சேர்மனைப் பற்றி என்ன போட்டிருக்கிறது என்பதை விடுங்கள். செங்காட்டூரில் சேர்மன் என்றால் எந்த ஊருக்கு ரோடு, எந்தப் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர், எந்தக் காலனிக்குத் தெருவிளக்கு என்று கூட்டத்துக்குப் பொருள் வைக்கிறவர். அவர் வைக்காதது பேச்சுக்கே வராது. அவர் உள்ளே வந்தால் பி.டி.ஓ. எழுந்து நிற்பார். எந்த மண்டபத்துக்குப் போனாலும் முன்வரிசை சோபாவில் இருப்பவர்களுக்குத் திடீரென்று வெளியே வேலை வந்துவிடும்.

மனிதர் மோசமான சேர்மனும் இல்லை. கிழக்கே காய்ந்து கிடந்த ஊர்களுக்குக் காவிரித் தண்ணீர்க் குழாய் வந்தது அவர் அலைந்த அலைச்சலால்தான். கோகிலவாணிக்கும் அது தெரியும். தெரிந்ததால் அவள் மனசில் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

இன்னொரு வேடிக்கை. வார்டு பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டபோது தங்கையைத் தேர்தலில் நிறுத்தியவரே அவர்தான். தாலியறுத்த பிள்ளை, பார்த்துப் போடுங்கள் என்று அவளை முன்னால் நடக்கவிட்டுத் தெருத்தெருவாக ஓட்டுக் கேட்டார். ஜெயித்ததும் ஒன்றியத் துணைத் தலைவராகவும் ஆக்கினார். ஓட்டுக் கேட்க முன்னால் நிற்கலாம், சீர் வாங்க நிற்கக்கூடாது. இந்த நியாயம் அவளுக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அண்ணனின் சேர்மன் நாற்காலி கவுன்சிலர்கள் கூடி உட்கார வைத்தது. அதே கவுன்சிலர்கள் கூடினால் இறக்கியும் விடலாம். எதிரணி பெரியசாமி அதற்குத்தான் ஆள் சேர்த்திருந்தார். இன்று பிற்பகல் கோட்டாட்சியர் முன்னால் நம்பிக்கையில்லாத் தீர்மானம். பெரியசாமிக்கு ஒரே ஒரு கை குறைந்தது.

அந்தக் கைக்குச் சொந்தக்காரிதான் இப்போது பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கிறாள்.

வாசலில் கார் சத்தம் கேட்டது. இளஞ்செழியன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

“அக்கா, கெளம்பலாங்களா? அண்ணன் உங்களையக் கையோட கூட்டியாரச் சொல்லுச்சு. கருப்பணாரு கோயல்ல கெடா நிக்குது.”

புடவை அவன் கண்ணில் பட்டது. சாமி படத்தைப் பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“ஏன் சாமி, நல்லா இல்லையா?”

“நல்லா இருக்குதுங்க்கா.”

“நீ பாக்கவே இல்லையே.”

அவன் கார் சாவியைத் தேடினான். சாவி அவன் கையிலேயே இருந்தது.

செழியன் ரோடு காண்ட்ராக்டர். கோயில் இருக்கிற மல்லசமுத்திரம் போகிற வழி நெடுக மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காடு பார்த்துக்கொண்டே வந்தவன், பாதி தூரத்தில் மெதுவாக ஆரம்பித்தான்.

“அடுத்த கூட்டத்துல என்ற ரோடு பொருள்ல வருதுங்க்கா. அண்ணன் அந்தச் சேர்ல இருந்தாத்தான் நடக்கும்.”

“அப்ப ரோட்டுக்காகத்தான் என்னையக் கூப்புட வந்தியா?”

“அட, அப்பிடி இல்லீங்க்கா. அண்ணன் தம்பின்னா ஒண்ணா இருக்கோணுமல்ல.”

ஜன்னலுக்கு வெளியே பார்த்துச் சிரித்துக்கொண்டாள். தம்பி மீது அவளுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. கல்யாணத்தன்று மணையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த பிள்ளை, அண்ணன் செய்ததற்கு அவன் என்ன செய்வான் என்று அன்றே அவனைப் பழியிலிருந்து விலக்கிவிட்டாள். எரிச்சல் முழுக்கப் பெரியவர் ஒருவர் மீதுதான்.

கோயில் வளவில் கவுன்சிலர்கள் கூடியிருந்தார்கள். கறி விருந்து என்றால் கட்சி பார்க்க மாட்டார்கள். பெரியசாமி ஒருவர்தான் வரவில்லை. அவர் பக்கம் கை தூக்கப் போகிறவர்களெல்லாம் வந்து, மர நிழலில் நாற்காலி பிடித்து உட்கார்ந்து, குழம்பு வாசத்தை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பதவி நிலைக்க வேண்டும் என்று வெங்கடாசலம் நேர்ந்துகொண்ட கெடா அது. நல்ல கறுப்பு, காது மட்டும் வெள்ளை. பூசாரி சென்னிமலை அதற்கு மாலை போட்டு, மஞ்சள் தண்ணீரைத் தலையிலிருந்து வால் வரை ஊற்றிவிட்டுத் தள்ளி நின்றார்.

ஆடு உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். அதற்குத்தான் துலுக்குவது என்று பெயர். துலுக்கினால் சாமி சம்மதித்தது என்று அர்த்தம். துலுக்காமல் கத்தி வைக்க அந்தப் பக்கத்தில் எவனுக்கும் துணிச்சல் வராது.

கெடா துலுக்கவில்லை. கழுத்து மாலையை எட்டிப் பிடித்துத் தின்ன ஆரம்பித்தது.

இன்னொரு சொம்பு ஊற்றினார்கள். வெங்கடாசலம் ஊற்றினார். அவர் மனைவி அங்காளம்மாள் ஊற்றினாள். இளஞ்செழியன் சொம்போடு போனபோது கெடா இரண்டடி பின்வாங்கியது, அவ்வளவுதான். அந்தப் பக்கம் மசாலா அரைத்து, வெங்காயம் வதக்கி, அடுப்பைத் தணித்து வைத்துவிட்டுச் சமையல்காரர்கள் ஆட்டின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“காதுக்குள்ள சித்தெ தண்ணி உட்டாத் தானா துலுக்குமுங்க,” என்றார் ஒரு கவுன்சிலர். அவருக்குப் பசி.

“அது ஏமாத்துங்க. கருப்பணாருகிட்ட அந்த வேலை ஆகாது,” என்றார் சென்னிமலை. சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். “ஆரோ மனசு எரிஞ்சுட்டு நிக்கறாங்க சாமி. கூடப்பொறந்தவிய எரிஞ்சுட்டு நிக்கையில வரம் கேட்டா எப்பிடிக் குடுப்பாரு? வெசனம் இருக்கறவிய முன்னால வந்து தண்ணி வாக்கோணும்.”

யாரும் யாரையும் சொல்லவில்லை. ஆனால் எல்லாக் கண்ணும் பச்சைப் பட்டுக்கு வந்துவிட்டது.

வெங்கடாசலம் அவள் நிற்கும் இடத்துக்கே வந்தார். வெள்ளைச் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

“வா அம்மிணி. ஒரு சொம்பு வாத்துடு.”

“நானு வாத்தா ஆகுமுங்களா?”

“ஆகும்.”

“அன்னைக்கு ஆகலீங்களே.”

அடுப்படியில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். கோகிலவாணி குரலை உயர்த்தவில்லை. உயர்த்தத் தேவையும் இல்லை.

“என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்ணா. இவிய அத்தன பேருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க. பொறகு வாக்கறேன்.”

வெங்கடாசலம் ஒரு கணம் தம்பியைப் பார்த்தார். இளஞ்செழியன் கெடாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்காளம்மாள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். கணவர் திரும்பிப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

“செழியன் கண்ணாலத்துல இணைச்சீரு வாங்க வேண்டியவ இவ. நாந்தான் கீழ உக்கார வெச்சேன். தப்பு என்னுது. பொறுத்துக்க அம்மிணி.”

இதற்காகத்தான் இரண்டு வருஷம் காத்திருந்தாள். கேட்டால் குளிர்ந்துவிடும் என்று நம்பியிருந்தாள். குளிரவில்லை. நாற்காலி ஆடுகிற அன்றைக்கு வருகிற மன்னிப்பு, ஆடாத நாளில் ஏன் வரவில்லை? பொங்கலுக்கு வந்தாரே, தீபாவளிக்குத் துணி எடுத்து அனுப்பினாரே, அப்போதெல்லாம் இந்தத் துண்டு தோளை விட்டு இறங்கவில்லையே? நினைக்க நினைக்க முன்னைவிட அதிகமாக எரிந்தது.

சொம்பை வாங்கினாள். கெடாவின் முன் குனிந்து, தண்ணீரை மெதுவாகச் சாய்த்தபடி மனசுக்குள் கேட்டாள்.

கருப்பணாரே, இந்த மனுசனை அந்த நாற்காலியிலிருந்து நான் இறக்குவது நியாயம் என்றால், துலுக்கு.

கெடா கொம்பு முதல் வால் வரை உடம்பை உதறியது. மஞ்சள் தண்ணீர் தெறித்து வெங்கடாசலத்தின் வெள்ளைச் சட்டையெல்லாம் புள்ளி விழுந்தது.

“துலுக்கிருச்சு,” என்று கூட்டம் மூச்சு விட்டது. சட்டைப் புள்ளியைத் தொட்டுப் பார்த்துக்கொண்ட வெங்கடாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. தங்கச்சி மனசு குளிர்ந்துவிட்டது, கருப்பணாரே சொல்லிவிட்டார், இனி எந்தப் பெரியசாமி வந்தால் என்ன? அரசியலில் எத்தனையோ பேரை எடை போட்டவர், அன்றைக்கு ஆட்டை நம்பினார்.

பந்தியில் தன் கையாலேயே தங்கைக்கு ஈரல் எடுத்து வைத்தார்.

“நல்லா சாப்புடு அம்மிணி.”

சாப்பிட்டாள். உப்பும் உறைப்பும் சரியாகத்தான் இருந்தன.

ஒன்றிய அலுவலகக் கூட்ட அரங்கில் சேர்மன் நாற்காலி அன்று காலி. தன் மீதே வந்த தீர்மானத்துக்குத் தானே தலைமை வகிக்க முடியாது என்பதால் வெங்கடாசலம் மற்றவர்களோடு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். சட்டையை மாற்றவில்லை. கருப்பணார் தெளித்த புள்ளி, இருக்கட்டும் என்று அப்படியே வந்திருந்தார்.

கோட்டாட்சியர் தீர்மானத்தை வாசித்தார். தலைவர் உறுப்பினர்களைக் கலந்து பேசுவதில்லை, தன் விருப்பப்படி பணிகளை ஒதுக்குகிறார் என்று என்னென்னவோ இருந்தது. அதில் பாதி உண்மையில்லை என்று கோகிலவாணிக்குத் தெரியும். இணைச்சீர் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

“ஆதரிக்கிறவங்க கையை உயர்த்துங்க.”

பெரியசாமியின் ஆட்கள் கை தூக்கினார்கள். காலையில் சாப்பிட்ட கறி அவர்கள் யாரையும் தடுக்கவில்லை. வெங்கடாசலம் அந்தப் பக்கம் பார்க்கக்கூட இல்லை. டீ கிளாஸை எடுத்து ஆற்றிக்கொண்டிருந்தார்.

பச்சைப் பட்டு சரசரத்தது.

அந்தச் சத்தத்துக்குத்தான் அவர் நிமிர்ந்தார். வளையல் இல்லாத கை ஒன்று நேராக மேலே நின்றது. அவர் சுற்றிலும் பார்த்தார், வேறு யாருடைய கையோ என்பதுபோல.

“கையக் கீழ போடு அம்மிணி,” என்றார், வீட்டுக்குள் பேசுகிற குரலில். “கெடா துலுக்குச்சல்ல?”

“துலுக்குச்சுங்ணா. எனக்குத்தான் துலுக்குச்சு.”

கோட்டாட்சியர் எண்ணிக் குறித்துக்கொண்டார். தீர்மானம் நிறைவேறியது. புதுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும்வரை துணைத் தலைவர் பொறுப்பைக் கவனிப்பார் என்று அவர் சொன்னபோது பெரியசாமி முதல் ஆளாகக் கைதட்டினார். அவருக்கு அந்த நாற்காலி மீது சொந்தமாகவே ஒரு கண் உண்டு, அது இப்போதைக்கு நிற்கட்டும்.

கோகிலவாணிக்கு அந்த நிமிஷம் இனித்தது. மறைக்க என்ன இருக்கிறது, நன்றாகவே இனித்தது. மண்டபத்தில் தரை பார்த்து நடந்த நடை ஒவ்வொன்றுக்கும் பதில் வாங்கிவிட்டது போல இருந்தது.

வெங்கடாசலம் எழுந்து எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டார். வெளியே அரசு ஜீப் அருகே கதவைத் திறந்துகொண்டு நின்ற டிரைவரிடம், “இனி எனக்கில்லீங்க தம்பி. அம்மிணி எங்க போகோணும்கறாங்களோ கூட்டிட்டுப் போங்க,” என்றார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.

படி இறங்கி வந்த கோகிலவாணியை அங்காளம்மாள் மறித்துக்கொண்டு நின்றாள்.

“சந்தோசமா கோகிலா?”

“சந்தோசந்தானுங்க அண்ணி. பொய் சொல்ல மாட்டேன்.”

“காத்தால கோயல்ல அவரு சொன்னாரே, அதுதான் பொய்யி.”

கோகிலவாணிக்குப் புரியவில்லை.

“உன்னைய மணையில நிக்கவேண்டாம்னது அவரில்லை. உன்ற தம்பி.” அங்காளம்மாள் ஒவ்வொரு சொல்லாக வைத்தாள். “தாலி கட்டறதுக்கு முந்தி ரூமுக்குள்ள உக்காந்துட்டு, அக்கா மணையில நின்னா நானு கட்டமாட்டேன், எனக்கு ஆகாது அப்பிடின்னான். இவரு கெஞ்சுனாரு. காலைப் புடிக்காத குறை. ஒத்துக்கலை அவன். வெளிய வந்து உன்னையக் கீழ உக்காரச் சொல்லிட்டாரு.”

“ஏனுங்க எங்கிட்டச் சொல்லலை?”

“நானும் கேட்டேன். அவ அவனைப் பெத்தவளாட்டம் வளத்தா, அவனே சொன்னான்னு தெரிஞ்சாத் தாங்கமாட்டா. அண்ணன் ஒருத்தன் போனாப் போறான், தம்பியாச்சும் அவளுக்கு மிஞ்சட்டும்னாரு.”

கோகிலவாணி ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டாள். கல்யாண ரூம் கதவு திறந்து அண்ணன் வெளியே வந்த முகம் இப்போதுதான் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அதைக் கோபம் என்று நினைத்திருந்தாள்.

“இப்ப எதுக்குங்க சொல்றீங்க அண்ணி?”

“அவருக்குப் பெரிய மனசு. எனக்கு அதெல்லாம் இல்லை. நாங்க எரியறோம்ல, நீயும் கொஞ்சம் எரி.”

அங்காளம்மாள் சொல்லிவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனாள். அவள் போவதற்குள் ரோட்டில் சேலம் பஸ் வந்து நின்றது. துண்டு போட்ட அந்த உருவம் படியில் ஏறுவது தெரிந்தது. அவள் ஜீப்பை விட்டு இரண்டடி எடுத்து வைப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. இரண்டு வருஷமாக ஊட்டி ஊட்டி வளர்த்த பழி, தப்பான வாசலில் போய் நின்றிருக்கிறது.

“அக்கா!”

இளஞ்செழியன் ஓட்டமும் நடையுமாக வந்தான். ஒரு கையில் ஜிலேபி டப்பா, இன்னொரு கையில் புத்தம்புதுச் சால்வை. காலையில் அண்ணன் இருந்தால்தான் ரோடு நடக்கும் என்றவன் எந்நேரத்தில் போய்ச் சால்வை வாங்கினானோ.

“வாழ்த்துங்க்கா. இனி நீங்கதான் எங்களுக்குச் சேர்மன். மொதச் சால்வை என்றதா இருக்கட்டும்.”

சால்வையை விரித்து அவள் தோளுக்கு உயர்த்தினான்.

“செழியா,” என்றாள். “நானு மணையில நின்னாத் தாலி கட்டமாட்டேன்னியா?”

சால்வை பாதியில் நின்றது. அவன் முகத்தைப் பார்த்ததும் வேறு சாட்சி தேவைப்படவில்லை. சோறு ஊட்டியபோது துப்பிவிட்டுத் திருதிருவென்று விழிப்பானே, அதே முகம்.

“ஆரு... ஆருங்க்கா சொன்னது?”

“அடுத்த கூட்டத்துல உன்ற ரோடு பொருள்ல வருதுன்னு சொன்னயல்ல?”

“வருதுங்க்கா.”

“பொருள் வைக்கறது இனி நானு.”

கோகிலவாணியின் கோபம் அடங்கவில்லை, ஆள் மாறியிருந்தது, அவ்வளவுதான். தோளில் பாதி தொங்கிய சால்வையை எடுத்து, மடித்து, அவன் கையிலேயே திருப்பி வைத்தாள்.

“கருப்பணாருக்கு ஒரு கெடா நேர்ந்துக்க சாமி. துலுக்குதான்னு நானே வந்து தண்ணி வாக்கறேன்.”

ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். எங்கே போக வேண்டும் என்று டிரைவர் கேட்டார்.

“முன்னால போற அந்த பஸ்ஸைப் புடிங்க,” என்றாள். பிடித்து என்ன சொல்லப்போகிறோம் என்பது அவளுக்கே தெரியவில்லை.